கூந்தன்குளம்: மரத்திலிருந்து விழுந்த குஞ்சு

குளத்துக்கரை:
ரெண்டு வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள்ளேயே கூடு கட்டும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏப்ரல், உச்சி வெயில். ஒரு வீட்டு வாசல் வேம்பில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் காட்டி நின்றது, அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம். காலடியில் ஒரு குஞ்சு. வெள்ளைப் பஞ்சு உடம்பு, கறுத்த அலகு, கண் திறந்திருக்கிறது, அசைவே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்து அதையும் ஒரு படம் எடுத்தேன். அந்த வீட்டு ஆச்சி ஓடிவந்து, "தம்பி, சாகல, பயந்து கெடக்கு. கேமராவ வச்சிட்டு அந்தச் சாக்க எடு" என்றார். தூக்கியதும் அவர் சேலையிலேயே அரைகுறையாகச் செரித்த மீனைக் கக்கியது. ஆச்சி முகம் சுளிக்கவில்லை. அந்தப் படத்தை அழிக்கவும் மனமில்லை, திறந்து பார்க்கவும் முடியவில்லை.

வயக்காடு:
மிரண்டால் நாரைக் குஞ்சு அப்படித்தான், இரையைக் கக்கிவிட்டுச் செத்ததுபோலக் கிடக்கும். உங்கள் மேல் தப்பில்லை. எனக்கு அங்கே மனதில் நிற்பது வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, ஜனவரியில் பகல் முழுக்கத் தண்ணீரில் சும்மா மிதந்தது. அலுத்துப்போய்க் கிளம்பி, மூலைக்கரைப்பட்டி சாலையில் இருட்டும் நேரத்தில் வண்டியை நிறுத்தினால் தலைக்கு மேலே கூட்டமாகக் கூப்பிட்டுக்கொண்டு வயல் பக்கம் போகின்றன, இறக்கை அடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. ராத்திரியில்தான் அதிகம் மேயுமாம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மதுராந்தகம்:
"தப்பில்லை" என்பதை நான் ஒப்பமாட்டேன். கூட்டுக்கு நேர் கீழே கேமராவோடு நிற்கலாமா? வேடந்தாங்கலில் பறக்கிற படம் வேண்டுமென்று நாலு பேர் கைதட்டினார்கள், நாரை எழுந்த நொடியில் காகம் முட்டையைத் தூக்கிப்போனது, என் கண்ணால் பார்த்தேன். இனி போகிறவர்களுக்கு: காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். 8-க்கு 42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும், அதைவிடப் பெரிதானால் கை நடுங்கும். வேடந்தாங்கல் என்றால் மாலை 4 மணிக்கு மேல், இரைக்குப் போனவை திரும்பும் நேரம். அப்புறம் பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். எல்லாமே ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியவை. பலகை வைத்தால் போதுமா, போகிறவர்கள் அடக்கமாக நடந்துகொள்ள வேண்டாமா? பறவைக்காக வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை.

குளத்துக்கரை:
மதுராந்தகம் அண்ணே, அது தெரு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அந்த மரத்தடியில்தான், பறவை அசைவதில்லை. படம் எடுத்தது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். கூடு ஏற முடியாத உயரம். விழுந்த குஞ்சுகளை வைத்து வளர்க்கும் அடைப்புக்குச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள், நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். வரும் ஜனவரியில் போகிறேன், குஞ்சு பிழைத்ததா என்று அந்த ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும்.