புதுப்பிப்பு: குல்மார்க் பனியில நழுவுன தோளு, 6 வாரம் கழிச்சு

மார்ச் கடைசில காஷ்மீர்ல இருக்கற குல்மார்க்ல ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) போயி வலது தோள் மூட்டு நழுவிருச்சுன்னு எழுதியிருந்தனுங்க, விசாரிச்ச எல்லாத்துக்கும் நன்றிங்க. சீசன் முடியறப்ப பனி காலைல கண்ணாடியாட்டம் இறுகிக் கெடக்கும், மதியம் வெயில் ஏறுனா சேறாட்டம் இளகிரும், நான் உழுந்தது அந்த இளகுன பனியிலதான், ஸ்கீ சிக்கி நின்னுருச்சு, கைய ஊனிட்டேன்.

கைய கழுத்தோட தொங்கவிட்டு கட்டியிருந்த ஸ்லிங்க கழட்டியாச்சு, இப்ப கோயமுத்தூர்லயே பிசியோ போறனுங்க. குனிஞ்சு நின்னு கைய கெணத்து வாளியாட்டம் தொங்கவிட்டு மெதுவா ஆட்டணும், அப்புறம் வெரலாலயே சுவத்துல ஏறணும். நேத்துதான் தலைக்கு எண்ணெய் வெக்க கை எட்டுச்சு, அம்மா பாத்துட்டு கண்ணு கலங்கிட்டாங்க.

வலி கொறஞ்சதும் பிசியோல சொல்லித்தர்ற ரப்பர் பட்டை இழுக்கற பயிற்சிய மட்டும் நிறுத்திராதீங்க, சுத்தி இருக்கற தசைதான் தோள புடிச்சு வெக்குது, சின்ன வயசுக்காரங்களுக்கு மறுக்கா நழுவறது ரொம்ப சகஜமுங்க.