சுதாஸ் யாருடைய மகன்: திவோதாசனா, பிஜவனனா?

ஆற்றங்கரையான்:
ரிக் வேதம் பாடும் பத்து அரசர் போரில் வென்ற பரதகுலத்து அரசன் சுதாஸை எல்லோரும் திவோதாசனின் மகன் என்றே எழுதுகிறார்கள். நான் ஏற்கவில்லை. ரிக் வேதம் 7ஆம் மண்டலம், 18ஆம் பாடல் அவனை மூன்று முறை 'பைஜவனன்' என்கிறது. பிஜவனனின் மகன் என்று, வேதச் சொற்களை விளக்கும் பழைய நூலான நிருக்தத்தில் யாஸ்கரே பொருள் சொல்லிவிட்டார். திவோதாசன் பாட்டனாக இருக்கலாம்.

வடமீன்:
அதே பாடலின் கடைசி மந்திரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? 'சுதாஸின் தந்தை திவோதாசனுக்குத் துணை நின்றதுபோல் இவனுக்கும் நில்லுங்கள்' என்று புயல் தேவர்களான மருத்துக்களிடம் வேண்டுகிறார் புலவர். 200 பசுக்களும் இரண்டு தேர்களும் பரிசாக வாங்கியவர், கொடுத்தவனின் அப்பா யார் என்று தெரியாமலா பாடியிருப்பார்?

ஆற்றங்கரையான்:
அந்த மந்திரத்தின் அடுத்த அடியிலேயே 'பைஜவனன்' வருகிறதே! வேதத்தில் தந்தையைக் குறிக்கும் சொல்லாலேயே முன்னோர்களையும் பித்ருக்கள் என்றுதான் சொல்வார்கள். அப்புறம், 22ஆம் மந்திரம் சுதாஸை தேவவானின் பேரன் என்கிறது. திவோதாசனைப் பெற்றவனோ வத்ரியஸ்வன்; 6ஆம் மண்டலத்துச் சரஸ்வதி பாடலில் தெளிவாக இருக்கிறது. திவோதாசன் அப்பா என்றால் பாட்டன் வத்ரியஸ்வன்தானே? தேவவான் எங்கிருந்து வந்தான்?

வடமீன்:
பேரன் என்ற அந்தச் சொல் வழித்தோன்றலையும் குறிக்கும். தந்தையை மட்டும் முன்னோன் என்று தளர்த்துவீர்கள், பேரனை இறுக்கிப் பிடிப்பீர்களா? பிஜவனன் தொலைவான மூதாதையாக இருந்து, அவன் பெயர் குலப்பெயராக நின்றிருக்கலாம்.

கல்லெழுத்து:
இந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு வழக்கும் இருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பர்வம் பைஜவனன் என்ற சூத்திரன் வேள்விக்குத் தட்சிணை கொடுத்ததைச் சொல்கிறது. அவன்தான் சுதாஸ், ஆகவே சூத்திரர்கள் முதலில் சத்திரியர்களே என்று அம்பேத்கர் 1946இல் வாதிட்டார். வம்சாவளிப் பேச்சில் இதை ஒதுக்கக் கூடாது.

ஆற்றங்கரையான்:
ஒதுக்கவில்லை. ஆனால் சாந்தி பர்வம் பல நூற்றாண்டு பிந்தியது. பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் எனக்குப் போதாது.

கல்லெழுத்து:
மனுஸ்மிருதி பணிவில்லாமல் அழிந்த அரசர்களில் சுதாஸ் பைஜவனனையும் சேர்க்கிறது. பருஷ்ணி ஆற்றங்கரையில், அதாவது இன்றைய ராவிக்கரையில், அந்தப் போரில் இந்திரனே துணை நின்றதாக வசிஷ்டர் குலப் புலவர்கள் பாடிய அதே அரசன்! பிற்காலத்தில் அவன் பெயரைக் கெடுக்க ஏதோ காரணம் இருந்திருக்கிறது.

வடமீன்:
அது நல்ல கேள்வி, தனியாகப் பேசலாம். தந்தை விஷயத்தில் நான் கடைசி மந்திரத்தின் பக்கம்தான். போரை நேரில் அறிந்தவர்களின் வாக்கு அது. யாஸ்கர் வெகுகாலம் பிந்தியவர்.

ஆற்றங்கரையான்:
'பைஜவனன்' என்றதும் அவர்களேதான், ஐயா.