டர்னர் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் காது வடிந்துகொண்டே இருக்கிறது

செம்பனைக்காட்டு டீச்சர், சுங்கை சிப்புட்:
முதலாம் ஆண்டு மாணவி. இந்த வருடம் மூன்று தடவை காது வடிந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள். ஆனால் மழை தகரக் கூரையில் அடித்தால் சொல்வதெழுதல் முழுக்கத் தப்பு. பாட்டி பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறாராம். சளிதானே என்று விடலாமா?

காதுத்தாதி:
விடாதீங்க டீச்சர். டர்னர் சிண்ட்ரோமில் இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று இல்லை, அல்லது அதில் குறை. மண்டையோட்டு அடிப்பகுதியின் அமைப்பே கொஞ்சம் மாறும். மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் குட்டையாக, படுக்கையாக இருக்கும். உள்ளே சேரும் நீர் வடியாமல் பசை மாதிரி கெட்டியாகிவிடும்.

எண்ணெயை இன்றே நிறுத்தச் சொல்லுங்க. சீழ் வடிகிறது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், ஊற்றுவது நடுக்காதுக்குப் போகும். சொட்டு மருந்துப் புட்டியையும் பாருங்க. ஜென்டாமைசின் என்று இருந்தால் டாக்டரிடம் கேளுங்க, ஓட்டை வழியாக உட்காதுக்கு ஆபத்து. ஆஃப்லோக்சசின், சிப்ரோஃப்ளோக்சசின் அப்படியில்லை. விடுகிற முறையும் முக்கியம்: சீழைத் துடைத்து, புட்டியைக் கையில் பொத்திச் சூடாக்கி (சில்லென்று விட்டால் தலை சுற்றும்), ஒருக்களித்துப் படுக்கவைத்து விட்டு, காதுத்துளை முன்னால் உள்ள குருத்தை நாலைந்து தடவை அழுத்தணும்.

ஆடியோகிராம் (இன்னொருவரின் புனைபெயர்):
காது காய்ந்ததும் பரிசோதனை வேண்டும். டிம்பனோமெட்ரியில் (செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் சோதனை) கோடு தட்டையாக வந்தால் உள்ளே நீர், அல்லது செவிப்பறையில் ஓட்டை. அடுத்து ஆடியோகிராம், அதாவது எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்; அதில் காற்றுவழி (காதுத்துளை வழியாகக் கேட்பது), எலும்புவழி (மண்டை எலும்பு அதிர்வால் கேட்பது) இரண்டும் எடுக்கணும். எலும்புவழி நன்றாக இருந்து காற்றுவழி மட்டும் இறங்கினால் நடுக்காதுக் கோளாறு. இரண்டு காதிலும் மூன்று மாதம் நீர் நின்று, கேட்பதும் குறைந்தால் குரோமெட் (செவிப்பறையில் பொருத்தும் குட்டிக் குழாய்) வைப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் தானே விழும், இந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பவும் தேவைப்படலாம்.

காற்றுவழி, எலும்புவழி இரண்டு கோடும் சேர்ந்து 1500–2000 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதி அளவு) பக்கம் பள்ளமாக இறங்கினால் அது உட்காதுக் கோளாறு. சீழ், வலி எதுவும் இருக்காது, மருந்தில் திரும்பாது. காது வடிவது நின்றதும் பரிசோதனையை விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் தப்பு. 2017ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி பிள்ளைகளுக்கு 3 வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. வடிகிற காதுக்கு அது போதாது என்பேன்.

காதுத்தாதி:
இன்னொன்று. நாற்றமடிக்கும் சீழ், வலியே இல்லை, சொட்டு மருந்துக்கும் நிற்கவில்லை என்றால் கொலஸ்டியட்டோமாவா என்று பார்க்கணும். செவிப்பறையின் மேல்பக்கம் தோல் பை மாதிரி உள்ளே வளர்ந்து, காது எலும்புகளை அரிக்கும். அதற்கு அறுவை சிகிச்சைதான்.

செம்பனைக்காட்டு டீச்சர்:
நன்றி. எங்கே போகச் சொல்வது?

ஆடியோகிராம்:
அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு. கடிதத்தில் ‘காது வடிகிறது’ என்று மட்டும் எழுதினால் சாதாரணக் கேஸாக நினைப்பார்கள். டர்னர் சிண்ட்ரோம் என்று எழுதச் சொல்லுங்க. அதுவரை முன்வரிசையில், காற்றாடிச் சத்தத்துக்குத் தள்ளி உட்காரவையுங்க.