முத்தாச்சி பேரப்பிள்ளைகள் (குடும்பக் குழு)

செல்வி: அத்தை அனுப்பிய காட் லிவர் ஆயில் வந்துவிட்டது. பாப்பாவுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிற வேலையில் டாக்டரிடம் போக நேரமே இல்லை

சிங்கப்பூர் அத்தை: தினம் அரை ஸ்பூன் கொடும்மா. மீன் எண்ணெய் கொடுத்த பிள்ளைகளுக்கு ஐக்யூ கூடியிருக்கு, ஆராய்ச்சியே வந்திருக்கு

மணி: எனக்கு ஏன் யாரும் கொடுக்கலை

கீதா: கொடுத்தாங்க. நீதான் துப்பின

பெரியப்பா: செல்வி, கொடுக்காதே. அத்தை சொல்வது 2022-ல் வந்த ஆய்வு. அதில் இருந்தவர்கள் 29 வாரம் முடியும் முன்பே பிறந்த பிள்ளைகள், குழாய் வழியாகப் பால் குடிப்பவர்கள். தினம் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் டிஎச்ஏ, அதாவது மீன் எண்ணெயில் உள்ள ஒரு கொழுப்பு, என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். உண்மையில் நுரையீரலைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரில் 1273 பிள்ளைகள், 2017-ல் முடிவு வந்தபோது நுரையீரலுக்குப் பயன் இல்லை, கொஞ்சம் கெடுதல்கூட இருக்கலாம் என்றார்கள். அப்புறம் ஐந்து மருத்துவமனைப் பிள்ளைகளை மட்டும் 5 வயதில் சோதித்ததில் ஐக்யூ சராசரியாக 3.5 புள்ளி கூடுதல். தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் டிஎச்ஏ பிள்ளைக்கு அதிகம் சேரும், சீக்கிரம் பிறந்ததுகளுக்கு அது கிடைக்காமல் போகிறது. நம் பாப்பா 39 வாரம், 3 கிலோ!

மணி: பெரியப்பா மூச்சு விடுங்க

பெரியப்பா: இன்னும் முடியவில்லை. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பால்பவுடரில் இந்த மாதிரிக் கொழுப்பைச் சேர்த்துப் பார்த்த 15 ஆய்வுகளை 2017-ல் ஒன்றாக அலசினார்கள், 1889 பிள்ளைகள். மூளை வளர்ச்சியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதோடு காட் லிவர் என்பது ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. டி சொட்டு மருந்து நீ ஏற்கெனவே கொடுக்கிறாய். ஏ அதிகமானால் உச்சிக்குழி புடைக்கும், வாந்தி வரும்.

சிங்கப்பூர் அத்தை: நான் எது அனுப்பினாலும் அண்ணனுக்குக் குற்றம்தான். குத்துவிளக்கு விஷயத்திலும் இப்படித்தான்

கீதா: அத்தை, விளக்கு வேண்டாமே இப்போ

மணி: 😂😂

கீதா: ஆச்சி பக்கத்தில் இருக்காங்க. எண்ணெயெல்லாம் எதுக்கு, செல்விக்குப் பால்சுறா புட்டு செய்து கொடுங்கன்னு சொல்லச் சொல்றாங்க

பெரியப்பா: சுறாவில் பாதரசம் சேரும். சாளை, நெத்திலி சாப்பிடட்டும், தாய் சாப்பிடுகிற மீனில் உள்ள டிஎச்ஏ பாலில் வரும்.

கீதா: ஆச்சி சிரிக்கிறாங்க. நாலு பிள்ளை பெற்று சுறாப்புட்டு தின்னுதான் பால் கொடுத்தேன், அதில் ஒருத்தன்தான் இப்போ பாதரசம் பேசுறான்னு

மணி: 🔥

செல்வி: சாளை பொரித்தால் மாடிவீட்டுக்காரம்மா ஜன்னலைப் படார் என்று சாத்துறாங்க. குழம்பு வைத்தால் பரவாயில்லையா பெரியப்பா?

பெரியப்பா: குழம்பே நல்லது.

சிங்கப்பூர் அத்தை: அப்போ பாட்டில்?

செல்வி: பிரிக்கவில்லை அத்தை, ஊசி போடப் போகும்போது டாக்டரிடம் காட்டுறேன்

மணி: நான் வேணா குடிக்கிறேன்

கீதா: எக்ஸ்பைரி பாரு செல்வி

கீதா: ஞாயிற்றுக்கிழமை வேன் யார் பேசுறது? மணி நீதானே சொன்ன

மணி: சித்தப்பா பேசுறதாத்தானே முடிவாச்சு

கீதா: சித்தப்பா குழுவை விட்டுப் போய் ஒரு மாசம் ஆகுது