நூறு நாள் வேலைக் கூலி: உங்கள் ஊரில் நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

ஆரணிப் பெண்:

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வங்கிச் சேவை முகவராக இருக்கிறேன். அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது. "ரேகை வைக்கிற கடை" என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு ரேகை மிஷின். முதியோர் பணம், மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் கூலி எல்லாம் இந்த மேசையைத் தாண்டித்தான் வீடுகளுக்குப் போகிறது. அதனால் டெல்லியிலும் சென்னையிலும் என்ன பேசினாலும், அது எங்கள் ஊரில் வந்து இறங்குகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

2025 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். ஒரு ஆயா வந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கட்டை விரல் பதியவில்லை, ஆள்காட்டி விரலும் பதியவில்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள். ஈரத்துணியால் துடைத்து நாலாவது தடவை வைத்ததும் கணக்கு திறந்தது. இருப்பு 212 ரூபாய்.

"கூலி ஏறலையா கண்ணு?"

"இல்ல ஆயா. டெல்லியில இருந்து இன்னும் வரலையாம்."

"நான் வேலை செஞ்சது நம்ம ஏரி வரத்துக் கால்வாயிலதானே?"

அவர் பதினெட்டு நாள் வேலை செய்திருந்தார். அப்போது தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 319 ரூபாய். முழு அளவு போட்டால் 5,742 ரூபாய். நவம்பர் கடைசியிலிருந்து யாருக்கும் ஏறவில்லை. அந்த ஜனவரியில்தான் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலி பாக்கி 1,056 கோடி என்று. பேப்பரில் அதை நானும் படித்தேன். படித்து என்ன, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் 1,056 கோடி என்று சொல்ல முடியுமா?

கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கல் சீர் வைக்க வேண்டும். கரும்பு, வெல்லம், அரிசி, ஒரு புடவை. வெறுங்கையோடு போனால் மகளுக்கு அங்கே தலை குனிவு. ஆடி மாதத்துக்கென்று வளர்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டியை அந்த வாரமே விற்றுவிட்டார். 3,500 ரூபாய்க்குப் போனது. ஆடியில் விற்றிருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு கிடைத்திருக்கும் என்று ஆடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சட்டப்படி பதினைந்து நாளுக்குள் கூலி வந்துவிட வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயாவின் 5,742 ரூபாய்க்கு நாள் ஒன்றுக்கு மூன்று ரூபாய்கூட வராது. ஆட்டில் போன நஷ்டத்தை அதில் ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும்?

மார்ச் மாதம் மக்களவையில் பெரிய அமளி. ஏழு கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாட்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் கொடுத்தோம், இருபது கோடிப் பேர் இருக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று ஒன்றிய இணை அமைச்சர் சொன்னார். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில். 29ஆம் தேதி ஒன்றியம் ஒன்றியமாக ஆர்ப்பாட்டம் நடந்தது. என் கடைக்கு எதிரே டீக்கடை, அங்கே டிவி ஓடிக்கொண்டே இருக்கும். ஆயா என் வாசல் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தனையோ கோடின்றாங்களே கண்ணு, அதுல என் பதினெட்டு நாள் இருக்குதா?"

இருக்கிறது ஆயா என்றேன். வேறு என்ன சொல்ல?

கோடை வந்த பிறகுதான் பணம் ஏறியது. அதுவும் இரண்டு தவணையாக. அதற்குள் சீர் முடிந்து, பொங்கல் முடிந்து, மகளுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது.

உங்கள் ஊரில் எப்படி இருந்தது? கேள்விப்பட்டது வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள்.

சிவகங்கைக்காரன்:

அக்கா, எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. அம்மாவுக்கு வேலை இருந்தது, பணமும் இருந்தது, பெயர்தான் பொருந்தவில்லை.

அம்மாவின் ஜாப் கார்டு 2009இல் எழுதியது. அதில் தாத்தாவின் இனிஷியல். ஆதாரில் அப்பாவின் பெயர். வங்கிக் கணக்கில் இனிஷியலே கிடையாது. மூன்றும் ஒரே அம்மாதான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆதார் வழியாகத்தான் கூலி என்று 2023இல் கெடு வைத்தார்கள், தள்ளினார்கள், மறுபடி வைத்தார்கள், மறுபடி தள்ளினார்கள். கடைசியில் 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. ஒவ்வொரு கெடுவுக்கும் ஊராட்சியில் இருந்து ஆள் வந்து, நாளைக்கே எல்லாரும் கார்டைக் கொண்டு வாங்க என்பார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றார். தள்ளி வைத்த செய்தி மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நாலு நாள் லீவு போட்டு வந்தேன். முதல் நாள் ஆதார் மையம், டோக்கன் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் டோக்கன் கிடைத்தது, திருமணப் பதிவுச் சான்று கேட்டார்கள். எங்கள் அம்மா கல்யாணத்துக்குச் சாட்சி ஊர்க் கோவில்தான். மூன்றாம் நாள் வேறு ஒரு தாளோடு போய் முடிந்தது. நாலாம் நாள் வங்கியில் இணைத்தோம். பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ், என் நாலு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்தால் அம்மாவின் ஒரு மாதக் கூலியைத் தாண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள், ஓடி அலையத் தெம்பு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் இந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டார். கணக்கெடுப்பில் அவரை எப்படி எழுதியிருப்பார்கள்? வேலை கேட்காதவர் என்றுதானே?

ஏரிக்கரை:

பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன், விழுப்புரம் மாவட்டம். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில்தான் வருகைப் பதிவு. காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. போன் என்னுடையது, டேட்டாவும் என் காசு. ஏரிக்குள் டவர் எடுக்காது. போட்டோவை ஏற்ற நான் கரை மேலே ஏறி, அங்கிருந்து கோவில் மேட்டுக்குப் போய் நிற்பேன். ஒரு நாள் இரண்டாவது போட்டோ ஏறவேயில்லை. அன்று நாற்பது பேருக்கு மேல் வெயிலில் மண் அள்ளினார்கள். சாயங்காலம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டு, மறுநாள் நேரில் போய், எழுதிக்கொடுத்து, கடைசியில் பாதிப் பேருக்குத்தான் சேர்க்க முடிந்தது. மீதிப் பேரை மறுநாள் எப்படிப் பார்ப்பேன் சொல்லுங்கள். எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள், எனக்குச் சின்னம்மா, அத்தை முறை. அவர்கள் டெல்லியைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தச் செயலி வருவதற்கு முன்னால், வேலைக்கு ஒரு நாளும் வராதவர் பெயரெல்லாம் வருகைப் பட்டியலில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெளியூரில் இருப்பவருக்குக்கூடக் கூலி ஏறியிருக்கிறது. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று பேசியவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் எங்கே என்றால், செயலி வந்த பிறகும் ஏமாற்றுகிறவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. டவர் இல்லாமல் கூலியை இழந்ததெல்லாம் உண்மையாக மண் சுமந்தவர்கள்.

சமையல்கட்டு:

கூலி நின்ற மாதங்களில் எங்கள் தெருவில் வாரத் தவணைக்காரர்கள் மட்டும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேரும் எழுந்து போக முடியாது. மூன்று பேர் தாலியில் கோத்திருந்த குண்டுமணியைக் கழற்றி அடகு வைத்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

மன்னார்குடிச் சம்சாரி:

நான் மறுபக்கத்து ஆள். பொறுமையாகப் படியுங்கள்.

எட்டு ஏக்கர் வைத்திருக்கிறேன். நூறு நாள் வேலையால் நடவுக்கு ஆள் வரவில்லை, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுக் கூலி வாங்குகிறார்கள் என்று கடைத்தெருவில் பல வருடம் பேசியவன் நான். என்னைப் போன்றவர்கள் பேசியதும் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தில், விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில் அறுபது நாள் வரை இந்த வேலையை நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறது. கேட்டதும் சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை.

அந்த வாரம் வரப்பில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். இருபது வருடமாக என் வயலில் நட்டவர், களை எடுத்தவர். "ஆள் கிடைக்கும்னு சொல்றாங்களே, இனிமே என்னை எத்தனை நாளைக்குக் கூப்பிடுவீங்கய்யா?" என்று கேட்டார். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நடவுக்கு மிஷின் விட்டு மூன்று வருடம் ஆகிறது. அறுப்புக்கு மிஷின் வந்து அதற்கு முன்பே பல காலம். களைக்கு மருந்து. சம்பாவுக்கு அவரை நான் கூப்பிட்டது போன வருடம் ஆறு நாள். குறுவைக்கு அதுவும் இல்லை. அந்த அறுபது நாளில் மீதி ஐம்பத்து நாலு நாளை அவர் என்ன செய்வார்? வரப்பில் நின்று அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007இல் எங்கள் மாவட்டத்துக்கு இந்தத் திட்டம் வந்தபோது இங்கே கூலி 80 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதற்கு முன்னால் நாங்கள் பெண்களுக்கு ஆண் கூலியில் பாதிதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். கேட்டால் வழக்கம் என்போம். அந்த 80 ரூபாய் வந்த பிறகுதான் எங்கள் கை இளகியது. ஆள் கிடைக்கவில்லை என்று நான் புலம்பியதில் பாதி, அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். நடவுச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதும் உண்மை, நெல் விலை அப்படி. ஆனால் அதற்கு வழி அந்த அம்மாவின் அறுபது நாளில் இல்லை.

ஆரணிப் பெண்:

எல்லாவற்றையும் படித்தேன். மன்னார்குடி ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், நன்றி.

போன செவ்வாய் ஆயா வந்திருந்தார். புதிய சட்டத்தில் நூறு நாள் 125 நாளாகிறது என்று சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நூறையே யாரு முழுசா குடுத்தா?" என்றார். போன வருடம் அவருக்குக் கிடைத்தது நாற்பத்தொரு நாள். எங்கள் ஊரில் நூறு நாளை முடித்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. இதுவரை மண் வேலைக் கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பணம். இனி நூற்றுக்கு நாற்பது ரூபாய் மாநிலம் போட வேண்டும். ஒரு பை திறக்கவே ஐந்து மாதம் ஆனதைப் பார்த்தோம். இனிமேல் இரண்டு பையும் திறக்க வேண்டும். பாக்கி விழுந்தால் யார் பங்கு வரவில்லை என்று மறுபடி டிவியில் பேசுவார்கள். என் வாசல் படியில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

சிவகங்கைத் தம்பி, உங்கள் பெரியம்மாவுக்குக் கார்டு நீக்கப்பட்டுவிட்டதா, ஆதார் மட்டும் இணையாமல் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மனு வேறு வேறு. எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதி அனுப்புகிறேன், கிராம சபையில் கொடுக்கலாம்.

அப்புறம் ஒரு கேள்வி. தாமத இழப்பீடு ஒரு ரூபாயாவது உங்கள் ஊரில் யார் கணக்கிலாவது ஏறியதைப் பார்த்திருக்கிறீர்களா? பாஸ்புக்கில் அது எந்தப் பெயரில் வரும்? ஏழு வருடத்தில் என் மேசையில் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. யாராவது வாங்கியிருந்தால், எங்கே எப்படி எழுதிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஆயாவுக்கு அதைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.