.303 துப்பாக்கியில் சார்ஜர் வழியாக நிரப்பும்போது தோட்டா சிக்குவது ஏன்?

வடதிசைவாசி:
அனைவருக்கும் வணக்கம். கனடாவில் வசிக்கும் நான், உரிமம் பெற்று, லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்யப்பட்ட, .303 தோட்டாவைச் சுடும் லீ என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கி ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஐந்து தோட்டாக்களைப் பிடிக்கும் பழைய தகட்டுச் சார்ஜர்கள் சிலவும் அதனுடன் கிடைத்தன. சுடுதளத்தில் முதல் சார்ஜர் எளிதாக இறங்கியது. இரண்டாவதையும் அழுத்தி இறக்கிவிட்டு, தோட்டாவைக் குழலுக்குள் செலுத்தும் போல்ட்டைத் தள்ளியபோது, மேல் தோட்டா முன்னே நகர மறுத்துவிட்டது. தோட்டாக்கள் தங்கும் பெட்டியான மேகசினைக் கழற்றிப் பார்த்தபோது, மேல் தோட்டாவின் அடிவிளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மேசையில் எம்1 கேரண்டு என்ற அமெரிக்கத் துப்பாக்கி வைத்திருந்தவரோ எட்டுத் தோட்டாக்களையும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்போடு உள்ளே அழுத்தினார். கடைசித் தோட்டாவைச் சுட்டதும் வெற்றுக் கிளிப் 'டிங்' என்று வெளியே துள்ளியது. ஒன்று உள்ளே போகிறது, மற்றொன்று வெளியிலேயே நிற்கிறது. இவற்றுக்குள் என்ன வேறுபாடு? என் சார்ஜர்களில் தோட்டாக்களை எவ்வாறு அடுக்க வேண்டும்?

பழைய கேடட்:
சிக்கலின் வேர் தோட்டாவின் வடிவத்தில் இருக்கிறது. 1880களின் இறுதியில் உருவான .303 தோட்டாவின் அடிப்பகுதியில், உடலைவிட அகலமான விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் எவ்வளவு தள்ளினாலும் கீழுள்ளது அதைப் பிடித்து நிறுத்திவிடும். கையால் ஒவ்வொன்றாக நிரப்பும்போது இந்த ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். ஜெர்மனியின் மௌசர் தோட்டாவுக்கு வெளியே நீட்டும் விளிம்பு கிடையாது என்பதால் அவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. விளிம்புள்ள தோட்டாவையே வைத்துக்கொண்ட ரஷ்யர்கள், மோசின் நாகன்ட் துப்பாக்கியின் மேகசினுக்குள் மேல் தோட்டாவை மற்றவற்றிலிருந்து பிரித்துவைக்கும் தனி உறுப்பு ஒன்றையே பொருத்திவிட்டார்கள்.

சார்ஜரில் அடுக்குவதற்குப் பிரிட்டிஷ் படை கடைப்பிடித்த முறை வேறு. முதல், மூன்றாம், ஐந்தாம் தோட்டாக்களின் விளிம்பு தகட்டின் அடியோடு ஒட்டியிருக்கும். இரண்டாவதும் நான்காவதும் அவற்றுக்கு முன்னால் சற்று உயர்ந்து நிற்கும். இருபுறமும் ஒரே அமைப்பு என்பதால், இருட்டிலும் பதற்றத்திலும் எந்த முனை கீழே போகிறது என்று வீரர் பார்க்க வேண்டியதில்லை. மேகசின் நல்ல நிலையில் இருந்து, கட்டைவிரலால் தயங்காமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் பெரும்பாலும் சிக்காது. பாதியில் நிறுத்தி, மறுபடி அழுத்துவதுதான் வினை என்பது என் அனுபவம்.

இரும்புப்பெட்டி:
உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சார்ஜர் என்பது நிரப்பும் கருவி மட்டுமே. ஐந்து தோட்டாக்களையும் மேகசினுக்குள் இறக்கியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கேரண்டின் கிளிப்போ மேகசினின் ஓர் உறுப்பைப் போலவே உள்ளே தங்கித் தோட்டாக்களைத் தாங்கி நிற்கிறது. அது இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கியில் ஒவ்வொன்றாகத்தான் போட்டுச் சுட முடியும். இந்த இரண்டாம் வகையைப் பரப்பியவர் ஆஸ்திரியாவின் துப்பாக்கி வடிவமைப்பாளர் மான்லிக்கர். அவருடைய 1895ஆம் ஆண்டுத் துப்பாக்கியிலும், ஆறு தோட்டாக்கள் கொண்ட இத்தாலியக் கர்கானோவிலும் வெற்றுக் கிளிப் மேலே துள்ளாமல் அடியிலுள்ள துளை வழியாகக் கீழே விழும். அதே துளை வழியாகச் சேறும் உள்ளே ஏறும் என்பதுதான் அதன் குறை. ஜெர்மானியர்கள் தங்கள் 1888ஆம் ஆண்டுத் துப்பாக்கிகளைப் பின்னர் சார்ஜர் முறைக்கு மாற்றியபோது அந்தத் துளையையும் அடைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், சேறும் மழையும் உள்ள களத்துக்குச் சார்ஜரே மேல். பாதி காலியான மேகசினில் ஒன்றிரண்டு தோட்டாக்களைச் சேர்ப்பதும் அதில் எளிது, கேரண்டில் அது பெரும்பாடு.

பிரிட்டன் இதைத் தாமதமாகத்தான் கற்றது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், எதிரிகள் மௌசரில் ஐந்தைந்தாக நிரப்பிக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் வீரர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகே சார்ஜரைச் செருகுவதற்கான அமைப்பு லீ என்ஃபீல்டில் வந்தது. ஒரே நிமிடத்தில் 300 கஜ தூரத்து இலக்கில் 15 முறை சுடும் பயிற்சி அவர்களுக்குச் சாத்தியமானதில் இந்தத் தகட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

பழைய கேடட்:
ஒன்றைச் சொல்ல மறந்தேன். உங்கள் சார்ஜர்கள் பல பதிற்றாண்டுப் பழையவை. துரு ஏறியதும் வாய் விரிந்ததும் தோட்டாவைக் கோணலாகத்தான் விடும். உயிர்த்தோட்டாவை வைத்து வீட்டில் சோதிக்க வேண்டாம். வெடிக்காத டம்மி தோட்டா வாங்கிப் பழகுங்கள். மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

வடதிசைவாசி:
இருவருக்கும் நன்றி. பத்து டம்மி தோட்டாக்களை நீங்கள் சொன்ன வரிசையில் அடுக்கி, என்னிடமுள்ள ஆறு சார்ஜர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நான்கு தயக்கமின்றி இறங்கின. மற்ற இரண்டிலும் ஓர் ஓரம் உள்நோக்கி வளைந்திருக்கிறது. அன்று சுடுதளத்தில் சிக்கியதும் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவற்றை நிமிர்த்த முயலவில்லை, தனியே எடுத்து வைத்துவிட்டேன்.