பெரிய வீடு (குடும்பக் குழு)

தம்பி: முப்பதாம் நாள் அட்டை இன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டும். தாத்தா படத்துக்குக் கீழே என்ன போடலாம்?

மணப்பாடு அத்தை: நித்திய இளைப்பாற்றி ஜெபம் போதும்.

மஸ்கட் அண்ணன்: ஏலேலோ ஐலசா

சித்தி: துக்க அட்டையிலா?

மணப்பாடு மாமா: சினிமாப் பாட்டு என்று நினைப்பார்கள். வேண்டாம்.

பெரியப்பா: சினிமா அதைக் கடற்கரையிலிருந்துதான் எடுத்தது. இதற்கு அம்பா என்று பெயர். கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஐலசா என்பார்கள். அந்தச் சொல் விழும்போதுதான் எல்லாக் கையும் சேர்ந்து இழுக்கும். ஒருவன் பிந்தினால் பாரம் பக்கத்தில் நிற்பவன் தோளில் ஏறும். அகராதியில் பொருள் தேட வேண்டாம், அந்த இழுப்புதான் பொருள். மயிலாப்பூர் வணிகர் ஏலேலசிங்கன் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கதை உண்டு. அவர் கப்பல் தரைதட்டி நின்றபோது வள்ளுவர் கை கொடுத்தாராம். கதை இருக்கட்டும். அப்பா 30 வருடம் அடி எடுத்துக் கொடுத்தவர். மீன் சேரும் வலை மடி கரைக்கு வர வர பாட்டு வேகமாகும். நடுவில் மாதா பெயர் வரும், கயிற்றில் சோர்ந்து நிற்பவன் பெயரும் வரும். பெயர் சொல்லிப் பாடினால் அவன் எப்படி இழுக்காமல் நிற்பான்?

மணப்பாடு அத்தை: என் பெயரையும் பாடியிருக்கிறார். கூடையோடு நிற்பேன்.

தம்பி: பெரியப்பா, அட்டையில் நாலு வரிக்குத்தான் இடம்.

சித்தப்பா: இன்ஜின் வந்தது, பாட்டு போனது. வள்ளமும் போனது.

பெரியப்பா: வள்ளப் பேச்சு இப்போது வேண்டாம்.

சித்தப்பா: நான் யாரையும் சொல்லவில்லை அண்ணே.

மஸ்கட் அண்ணன்: பூசை ஆறு மணியா, ஆறரையா? லீவு இன்னும் கிடைக்கவில்லை.

மணப்பாடு அத்தை: ஆறரை. மதியம் சாளைக் குழம்பு வைக்க வேண்டும். அப்பாவுக்கு அதுதான்.

மணப்பாடு மாமா: 200 பேருக்கு யார் சாளை ஆய்வது?

சித்தி: ஒன்று சொல்ல வேண்டும். கடைசி வாரம் மாமாவைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைக்க நானும் தம்பியும் பட்ட பாடு. உடம்பைக் கொடுக்கவே மாட்டார். ஒருநாள் அவரே மெல்ல "ஏலேலோ" என்றார். நாங்கள் ஐலசா சொன்னோம். உடனே எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் தினமும் அப்படித்தான்.

மணப்பாடு அத்தை: இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை

சித்தி: அழுவீர்கள் என்றுதான் மைனி.

மஸ்கட் அண்ணன்: போடு தம்பி.

மணப்பாடு மாமா: சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

தம்பி: முழுதாகப் போடவா?

பெரியப்பா: ஏலேலோ மட்டும் போடு. ஐலசா நாம் சொல்ல வேண்டியது.

மணப்பாடு அத்தை: ஜெபமும் இருக்கட்டும்.

தம்பி: சரி. அச்சகம் எட்டு மணி வரைதான். சாமியார் போன் எடுக்கவில்லை.